கோலியர்ஸ் வுட்டில் ஒரு எம்.எஸ்.எக்ஸ்.

கோலியர்ஸ் வுட்டில், யோகன் வீட்டு மாடியில், கட்டில் போட்டால் கதவு திறக்காத அளவுக்குச் சின்ன அறை ஒன்றில், ஜப்பானில் செய்த பழைய வீட்டுக் கணினி இருக்கிறது என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து எனக்கு லண்டனில் வேலை இருந்தது. இந்த வருடம் ஹவுன்ஸ்லோவில் இருக்கும் அக்கா மகன் டிக்கெட் எடுத்து அனுப்பினான். மாமா தன்னைப் பார்க்கத்தான் வருகிறார் என்று அவன் நினைத்துக்கொண்டான். என் மனைவிக்கு உண்மை தெரியும்.

"ஒரு பழைய மிஷினைப் பாக்க லண்டனா? நம்ம வீட்டு கிரைண்டரும் பழசுதான். அதை ஒரு நாளாவது திரும்பிப் பாத்திருக்கீங்களா?" என்றாள்.

அந்த மிஷினின் குடும்பப் பெயர் எம்.எஸ்.எக்ஸ். 1983இல் ஜப்பானில் அறிவித்தார்கள். அதுவரை ஒவ்வொரு கம்பெனியும் தன் கணினிக்குத் தனிப் பாஷை வைத்திருந்தது. ஒருவன் செய்த விளையாட்டு இன்னொருவன் பெட்டியில் ஓடாது. எம்.எஸ்.எக்ஸ். வந்ததும் பல கம்பெனிகள் ஒரே இலக்கணத்துக்குக் கட்டுப்பட்டன. யார் செய்த பெட்டியானாலும் யாருடைய கேசட்டும் ஓடும். 1985இல் அதன் தம்பி வந்தான், 1988இல் அவனுக்கும் தம்பி, 1990இல் கடைக்குட்டி. பெயரின் மூன்று எழுத்துகளும் எவற்றின் சுருக்கம் என்பதில் மட்டும் இன்றுவரை ஒற்றுமை இல்லை. யோகன் பெட்டியின் நினைவகம் அறுபத்து நான்கு கிலோபைட். எங்கள் குடும்பக் குழுவில் தினமும் காலையில் வரும் ரோஜாப்பூப் படத்தை அதற்குள் வைக்க முடியாது.

இவ்வளவும் நான் படித்துத் தெரிந்துகொண்டது. வீட்டுக் கணினிகளின் வரலாற்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன், எம்.எஸ்.எக்ஸ். பற்றி மட்டும் நீண்ட அத்தியாயம் ஒன்று முடிந்துவிட்டது. ஆனால் திருச்சியில் நான் ஒரு எம்.எஸ்.எக்ஸைக்கூடக் கண்டதில்லை. கடலைப் பார்க்காமலே அலைகளைப் பற்றி ஆணித்தரமாக எழுதியிருந்தேன்.

புதன்கிழமை சாயங்காலம் யோகன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். இணையத்தில் பழக்கமானவர். தோர்ண்டன் ஹீத்தில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக ஹாலந்துக்குப் போய், அங்கே நெடுங்காலம் இருந்து, பிறகு லண்டன் வந்தவர். எம்.எஸ்.எக்ஸ். என்றால் ஹாலந்துக்காரர்களுக்கு உயிர். இங்கிலாந்துக்காரர்கள் அப்போது தங்கள் ஊர்க் கணினிகளிலேயே மயங்கிக் கிடந்ததால் இதைக் கண்டுகொள்ளவில்லை.

"வாங்கோ அண்ணை, வாங்கோ. பயணம் எப்பிடி?" என்று கதவைத் திறந்தார்.

"நல்லா இருந்துச்சு. பெட்டி எங்கே?"

"முதல்ல தேத்தண்ணி குடியுங்கோ. பெட்டி எங்கையும் ஓடாது. அதுதானே பிரச்சினை."

மேசையில் இடியப்பம், சொதி, கட்டைச் சம்பல். சாப்பிடும்போது அவர் மனைவி வதனி பிரச்சினையை எடுத்து வைத்தார். அந்த வீட்டில் சாமிகள் இருப்பது மாடிப்படிக்குப் பக்கத்தில், சுடுதண்ணித் தொட்டி வைக்கும் அலமாரிக்குள். கீழ்த்தட்டில் தொட்டி, நடுத்தட்டில் அவர்கள் துவாய் என்று சொல்லும் துண்டுகள், மேல்தட்டில் பிள்ளையாரும் முருகனும் சரஸ்வதியும். லண்டன் குளிர் தெரியாமல் வாழும் தெய்வங்கள் அவர்கள்தான்.

"நான் கும்பிடேக்கை துவாயைத்தான் கும்பிடுறன் அண்ணை," என்றார் வதனி. "அந்தச் சின்ன அறையைச் சாமியறையாக்குவம் எண்டு எத்தினை வருஷமாச் சொல்லுறன். உந்தச் செத்த பெட்டி அங்கை காலை நீட்டிக்கொண்டு கிடக்கு."

"செத்துப்போகேல்லை. மயக்கம்," என்றார் யோகன்.

"ஞாயிற்றுக்கிழமை என்ர தம்பி சாமான் ஏத்த வான் கொண்டு வாறான். அதுக்கு முதல் வேலை செய்தால் இருக்கட்டும். செய்யாட்டி கவுன்சில் குப்பைக்கு. இவர் தலையாட்டினவர். நீங்கள்தான் சாட்சி."

நான் யோகனைப் பார்த்தேன். அவர் சொதியைப் பார்த்தார். தலையாட்டியிருக்கிறார் என்று புரிந்தது.

வியாழக்கிழமை காலை அந்த அறையில் நான் முதன்முதலாக ஒரு எம்.எஸ்.எக்ஸைத் தொட்டேன். கறுப்பு உடம்பு. விசைப்பலகையும் கணினியும் ஒரே பெட்டி. அம்புக்குறி விசைகள் வலது கைப்பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு. மேல் மூடியில் விளையாட்டுக் காட்ரிட்ஜ் செருகும் நீள வாய். தூசு போகாமலிருக்க அதற்கு ஒரு சின்னக் கதவு, விரலால் அமுக்கினால் உள்ளே மடங்கும். ஹாலந்து பிளக்கின் இரண்டு கால்களையும் இங்கிலாந்தின் மூன்று துளைகளுக்குப் பழக்கும் அடாப்டர் வழியாகச் செருகி, பழைய டிவியோடு இணைத்தோம்.

சுவிட்சைப் போட்டார். சிவப்பு விளக்கு எரிந்தது. திரை கறுப்பாகவே இருந்தது.

"விளக்கு எரியுது. அப்ப உயிர் இருக்கு," என்றார்.

"நீலத்திரை வரணும். அதுல வெள்ளை எழுத்துல 'பேசிக்' மொழியோட பேர் வரணும். என் அத்தியாயத்துல எழுதியிருக்கேன்."

"அதை இதுக்கு ஒருக்கா வாசிச்சுக் காட்டுங்கோ."

கடைசியாக எந்த ஆண்டில் வேலை செய்தது என்று கேட்டேன். எனக்கு ஆண்டு தெரியாமல் ஒரு பொருளைப் பற்றி யோசிக்க வராது.

"மூத்தவள் பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போன வருஷம்."

"அது எந்த ஆண்டு?"

"இஞ்சாரும் வதனி, மூத்தவள் பெரிய பள்ளிக்கூடம் போனது எப்ப?"

"பக்கத்து வீட்டுக்காரர் நாய் வாங்கின வருஷம்," என்று சமையலறையிலிருந்து பதில் வந்தது.

இந்த வீட்டில் நாள்காட்டி சுவரில் மாட்டுவதற்கு மட்டுந்தான் என்று தெரிந்துகொண்டேன். பின்பக்கம் டார்ச் அடித்தேன். கம்பிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிச் செருகினேன். பியூஸ் சரி. பெட்டியைத் திறக்கலாமா என்றேன். யோகன் இரண்டு கைகளாலும் மூடியைப் பொத்திக்கொண்டார்.

"ஐயோ வேண்டாம் அண்ணை. நான் ரேடியோ ஒண்டைத் திறந்தனான். பேந்து பூட்டினால் அரைவாசிச் சாமான் வெளியில."

வெள்ளிக்கிழமை அவரோடு தோர்ண்டன் ஹீத் கடைக்குப் போனேன். ரயிலில் யாரும் யாரோடும் பேசவில்லை. எங்கள் ஊரில் இத்தனை பேர் இவ்வளவு அமைதியாக இருந்தால் யாராவது இறந்திருக்க வேண்டும். கடை வாசலில் வாழைப்பூவும் முருங்கைக்காயும், உள்ளே கருவாட்டு வாசனையும். அந்தத் தெருவுக்கே பெட்டியின் கதை தெரிந்திருந்தது.

"யோகண்ணை, உங்கட கொம்பியூட்டர் இன்னும் நித்திரையோ?" என்றார் மீன் வாங்க வந்த ஒருவர்.

"இந்தியாவில இருந்து டொக்டர் வந்திருக்கிறார்," என்று யோகன் என்னைக் காட்டினார்.

"அப்ப கட்டாயம் செத்துப்போகும்."

வெண்டைக்காயை ஒவ்வொன்றாக முறித்துப் பார்த்துக்கொண்டிருந்த அம்மா ஒருவர் தலைநிமிராமலே மருந்து சொன்னார்: "நாவூறு பட்டிருக்கும் தம்பி. செத்தல் மிளகாய் சுத்திப் போடுங்கோ. ஆனால் வீட்டுக்குள்ள போடாதேங்கோ, புகைக்கு அலாரம் அடிக்கும்."

கடையில் ஆள் குறைந்த நேரத்தில் யோகன் கல்லாவுக்குப் பின்னாலிருந்து மெதுவாகச் சொன்னார். ஹாலந்தில் மூத்த மகளுக்குத் தமிழ் எழுத்துச் சொல்லிக்கொடுக்க அந்தப் பெட்டியில் ஒரு புரோகிராம் எழுதியிருந்தாராம். விசையைத் தட்டினால் தமிழ் எழுத்து வரும். கேசட்டில் இருக்கிறது. ஊரிலிருந்து எதுவும் கொண்டுவராதவர், ஹாலந்திலிருந்து தூக்கிக்கொண்டு வந்தது அந்த ஒரு பெட்டியைத்தான்.

"வதனி சொல்லுறது நியாயம். சாமிக்கு இடம் வேணும்தான். ஆனால் உதை வானில ஏத்தினால் நான் பார்க்க மாட்டன் அண்ணை. கடைக்கு வந்திடுவன். ஞாயிறும் திறப்பன்."

அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை. அதற்குமேல் நானும் ஆண்டு எதுவும் கேட்கவில்லை.

சனிக்கிழமை வட லண்டனில் ஒரு தேவாலய மண்டபத்தில் பழைய கணினி அபிமானிகள் கூடுவதாக யோகன் அறிந்து வைத்திருந்தார். கடைசி நம்பிக்கை அது. அவருடைய வேன் பழுதாகி கராஜில் இருந்தது. ஆகவே பெட்டியை வதனியின் பழைய சேலையில் சுற்றி, காய்கறி வாங்கும் சக்கரம் வைத்த பையில் நிற்கவைத்து இழுத்துக்கொண்டு புறப்பட்டோம். வதனி ஒரு டப்பா நிறைய ஆட்டிறைச்சி ரோல் தந்தார். குப்பைக்கு அனுப்பப்போகும் பெட்டிக்கு இவ்வளவு கட்டுச்சோறா என்று நினைத்துக்கொண்டேன்.

சுரங்க ரயில் பாதி வழியில் எங்களை இறக்கிவிட்டது. வாரக்கடைசியில் தண்டவாள வேலையாம், பதிலுக்குப் பேருந்து. நம் ஊரில் வேலை நடக்கிறது என்று எழுதி வைப்பார்கள், வேலை நடக்காது. இங்கே வேலை உண்மையிலேயே நடக்கிறது. அதனால் ரயில் ஓடுவதில்லை. பேருந்தில் நசுங்கி நின்றோம். ஓட்டுநர் பிரேக் போடும்போதெல்லாம் யோகன் பையைக் கட்டிப்பிடித்தார். எதிர் இருக்கையிலிருந்த ஆங்கிலேய மூதாட்டி வெகுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "பிறந்தநாள் கேக்கா?"

"இல்லை, ஜப்பான் கணினி."

"அடடா," என்றார் அவர், கேக் இல்லாத வருத்தத்தோடு. "உட்கார்ந்து வரட்டும், பாவம்." எழுந்து இடம் கொடுத்தார். நாங்கள் இரண்டு கிழவர்களும் நின்றோம். கணினி உட்கார்ந்து வந்தது.

மண்டபம் தேநீரும் சூடான பிளாஸ்டிக்கும் கலந்து மணத்தது. நரைத்த தாடிகளும் மங்கிய டீ-சட்டைகளும். ஒரு மூலையில் எம்.எஸ்.எக்ஸ்கள் நிறைந்த மேசை. நான் எழுதி மட்டும் பழகிய மாதிரிகள் எல்லாம் வரிசையாக உயிரோடிருந்தன. அதன் சொந்தக்காரர் ஹாலந்திலிருந்து வந்த கெர்ட், ஆறடிக்கு மேல் உயரமானவர். நான் என் ஆங்கிலத்தைத் தயார் செய்துகொண்டிருக்க, யோகன் டச்சில் ஏதோ சொன்னார். கெர்ட் திகைத்து, சிரித்து, அவர் தோளைப் பிடித்துக்கொண்டார். பிறகு இருவரும் நிறுத்தவில்லை. ஜலதோஷம் பிடித்த இருவர் சண்டை போடுவதுபோல் இருந்தது. யோகன் இடையிடையே எனக்கு மொழிபெயர்த்தார்.

"திறக்கச் சொல்லுறார் அண்ணை."

"திறக்கட்டும்."

"நீங்கள் சொல்லுறியள். அது உங்கட பெட்டியே?"

ஆனால் திருகாணிகள் ஏற்கெனவே கழன்று ஒரு தேநீர்த் தட்டில் கிடந்தன. கெர்ட் மூடியை நிமிர்த்தி, காட்ரிட்ஜ் வாயின் அடிப்பக்கத்தைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி பார்த்தார். மூக்கைக் கிட்டக் கொண்டுபோனார். நெடிய வாக்கியம் ஒன்று சொன்னார். யோகன் அதை மொழிபெயர்க்கவில்லை.

"என்ன சொல்றார்?"

"உதுக்கு நீங்கள் என்ன சாப்பிடக் குடுத்தனீங்கள் எண்டு கேக்கிறார்."

நான் எட்டிப் பார்த்தேன். வாய்க்குள் வரிசையாக நிற்கும் சின்னப் பித்தளைப் பற்களுக்கு இடையில் மஞ்சளாக ஏதோ அடை அடையாகக் காய்ந்திருந்தது. அதன்மேல் சிவப்புத் தூள். சந்தனம், குங்குமம். ஒரு முறை வைத்ததல்ல. மரத்தின் வளையங்களைப்போல ஆண்டுக்கொரு படலம். நானும் யோகனும் ஒருவரையொருவர் பார்த்தோம். வாணி விழாவில் புத்தகத்துக்கும் வாகனத்துக்கும் பொட்டு வைப்பதுபோல் இதற்கும் வைக்கப்பட்டிருக்கிறது. வைத்தவர் கொஞ்சம் உள்ளே வைத்திருக்கிறார்.

"சரஸ்வதி பூசை," என்றார் யோகன், மிகச் சிறிய குரலில்.

ஈரச் சந்தனம் பற்களுக்கிடையில் பாலம் போட்டு, ஒரு கம்பியில் போகவேண்டிய மின்சாரத்தைப் பக்கத்துக் கம்பிக்குத் திருப்பி விட்டிருக்கும். அதனால்தான் அது விழித்துக்கொள்ளவே இல்லை என்று கெர்ட் விளக்கினார். கோபமே இல்லை அவருக்கு. தன் அனுபவத்தில் பியர் பார்த்திருக்கிறாராம், பூனை மயிர் பார்த்திருக்கிறாராம், ஒரு தடவை பல்லியும் பார்த்திருக்கிறாராம். இவ்வளவு வாசனையான பழுதைப் பார்த்ததில்லையாம். பல் துலக்கும் பிரஷ்ஷை ஆல்கஹாலில் தோய்த்துத் தேய்க்கத் தொடங்கினார். மண்டபத்தின் அந்த மூலை முழுவதும் கோயில் மணம். இரண்டு பேர் தங்கள் மேசையை விட்டு வந்து மோப்பம் பிடித்தார்கள். தேய்க்கத் தேய்க்க அவர் இன்னொரு கையால் வதனியின் ரோலைத் தின்றார். காரத்தில் முகம் சிவந்தது. நிறுத்தவில்லை.

சுவிட்சைப் போட்டபோது யோகன் திரும்பி நின்றுகொண்டார். திரை நீலமானது. வெள்ளை எழுத்துகள். அதன் கீழே, ஏவலுக்குக் காத்திருக்கும் ஆங்கில 'ஓகே'.

"வந்துச்சு," என்றேன்.

"பொய் சொல்லாதேங்கோ."

"ஆமாங்க, வந்துச்சு. திரும்பிப் பாருங்க."

பார்த்தார். பைக்குள் கைவிட்டுக் கேசட்டை எடுத்தார். கெர்ட்டின் டேப் ரிக்கார்டரில் அதைப் போட்டதும் மண்டபம் முழுக்க நாதஸ்வரம் முழங்கியது. தவறான பக்கம். "இது எந்த விளையாட்டின் இசை?" என்று ஒரு தாடிக்காரர் உண்மையான ஆர்வத்தோடு கேட்டார். கேசட்டைத் திருப்பிப் போட்டோம். தகரத்தில் ஆணியால் கீறும் சத்தம். அந்தக் கீறல்தான் புரோகிராம். கணினி அதைக் காதால் கேட்டுப் படித்துக்கொள்கிறது. நாங்கள் மூவரும் ஒலி அளவைக் கூட்டிக் குறைத்துப் பார்க்க, மூன்றாம் முயற்சியில் அது படித்து முடித்தது. யோகன் ஒரு விசையைத் தட்டினார். திரை நடுவில், பல்லுப் பல்லான விளிம்புகளோடு, ஒரு பெரிய 'அ' வந்து நின்றது.

கெர்ட் ஒவ்வொரு விசையாகத் தட்டினார். பன்னிரண்டு உயிரெழுத்தில் பதினொன்றுதான் வந்தன. கட்டம் கட்டமாக எழுத்து வரையும்போது 'ஔ' மட்டும் அடங்கவில்லையாம்.

"என்ர மகளுக்கு இண்டைக்கும் ஔ எழுத வராது," என்றார் யோகன். "கேட்டால், அப்பாவின்ர பெட்டியில இருக்கேல்லை எண்டுவாள்."

திரும்பி வரும் பேருந்தில் கணினியோடு சேர்த்து மூவருக்கும் இடம் கிடைத்தது. யோகன் என் பக்கம் சரிந்தார்.

"அண்ணை, ஒரு உதவி. வதனியிட்டைச் சந்தனக் கதை வேண்டாம். தூசு எண்டு சொல்லுவம்."

"தூசு இல்லையே யோகன்."

"காய்ஞ்சால் எல்லாம் தூசுதான். அவவின்ர மனம் நோகும். தான் கும்பிட்டுக் கெடுத்தனான் எண்டு நினைப்பா."

சம்மதித்தேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறவன் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொள்கிற எனக்கு அந்தத் தூசு தொண்டையிலேயே நின்றது. நாங்கள் வீட்டுக்கு வந்தபோது வதனி கோயிலுக்குப் போயிருந்தார். தப்பித்தோம்.

ஞாயிறு காலை வதனியை அறைக்கு அழைத்து யோகன் சுவிட்சைப் போட்டார். கேசட் ஓடி முடிந்ததும் 'அ' வந்தது. வதனி கையிலிருந்த அகப்பையோடு கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்ன பிழையாம்?"

"தூசு," என்றார் யோகன், உடனே.

வதனி என் பக்கம் திரும்பினார். "என்ன தூசு அண்ணை?"

"மஞ்சள் தூசும்மா," என்றேன். அந்த முதல் சொல் என்னைக் கேட்காமலே வந்துவிட்டது.

"மஞ்சளோ? வாசமும் இருந்ததோ?"

"ஆமா."

யோகன் கூரையைப் பார்த்தார். லண்டன் வீட்டுக் கூரைகளில் பார்க்க ஒன்றும் கிடையாது.

"அப்ப நான்தான் உதைக் கெடுத்தனான்," என்றார் வதனி.

"அப்பிடி ஒருத்தரும் சொல்லேல்லையே. ஆனால் இஞ்சாரும், ஏன் அதுக்குள்ள கொண்டுபோய் வைச்சனீர்?"

"வேறை எங்கை வைக்கிறது? முதல் வருஷம் மூடியில வைச்சனான். கறை பிடிக்குது, ஜப்பான் சாமான், விசரே உமக்கு எண்டு கத்தினது ஆர்? அதுதான் உந்தச் சின்னக் கதவைத் திறந்து, உங்களுக்குத் தெரியாமல் உள்ளுக்கை வைச்சனான். பிள்ளை எழுத்துப் படிச்ச பெட்டி. வைக்காமல் விட ஏலுமே?"

யோகனுக்குக் கத்தியது நினைவு வந்ததை நான் நேரில் பார்த்தேன். முகத்தில் முதலில் காது சிவந்தது.

வெளியே வேன் ஹாரன் அடித்தது. வதனியின் தம்பி கீழேயிருந்தே கூப்பிட்டார்: "அக்கா! எந்தச் சாமானை ஏத்திறது?"

வதனி அறையை ஒரு சுற்றுப் பார்த்தார். கதவுக்குப் பின்னால், ஒரு ஜாக்கெட் தொங்க, உடற்பயிற்சிச் சைக்கிள் ஒன்று நின்றது.

"இவற்ற சைக்கிளை ஏத்து," என்று கீழே கத்தினார். "உது ஒரு நாளும் வேலை செய்யேல்லை."

பிறகு சுவர்களை அகப்பையால் சுட்டிக்காட்டினார். "சாமி இந்தப் பக்கம், கிழக்கை பாத்து. உந்தப் பெட்டி அந்த மூலையில இருக்கட்டும்; பிளக் அங்கைதான் கிடக்கு. வாற வாணி விழாவுக்குப் பொட்டு மூடியிலதான் வைப்பன். ஆரும் கத்தப்படாது."

யோகன் தன் சட்டைக் கையால் கறுப்பு மூடியை ஒருமுறை துடைத்தார். பொட்டு வைக்கக்கூடிய இடத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

"கறை பிடிச்சால் பிடிக்கட்டும்," என்றார்.